நாதஸ்வரக்காரர் நுரைத்தது ஏன்? வீவக வீட்டில் ரெசின் உருவம் வார்ப்பது

கேள்வி இது: "மகள் பிளாஸ்டிசினில் 7 செ.மீ. உயரத்துக்கு ஒரு நாதஸ்வரக்காரர் செய்திருக்கிறாள். நவராத்திரிக் கொலுவில் வைக்க, எங்கள் வீட்டுக்கும் இரண்டு உறவினர் வீட்டுக்கும் நான்கு நான்காக 12 வேண்டும். பிளாட்டினம் வகை சிலிக்கோனில் அச்செடுத்தேன். உருவத்தைத் தொட்ட பக்கம் மட்டும் பிசுபிசுவென்று நின்றுவிட்டது. துடைத்துவிட்டு அதிலேயே வார்த்தேன். ரெசின் இட்லி மாதிரி பொங்கியது, முழங்கை விழவில்லை, நாதஸ்வரம் பாதியில் நின்றது. ரெசின் பாட்டிலைத் திறந்து இரண்டு மாதம் ஆகிறது. பேப்பர் கப், ஐஸ்கிரீம் குச்சி பயன்படுத்தினேன். நாங்கள் இருப்பது சிங்கப்பூரில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. வெற்றிடம் உறிஞ்சும் இயந்திரம், அழுத்தக் கலன் எல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டுமா?"

வாங்க வேண்டியதில்லை. வண்ணம் பூசப்போகும் இந்த அளவு உருவத்துக்கு அவை இல்லாமலே சுத்தமான வார்ப்பு கிடைக்கும். உங்களுக்கு நேர்ந்த மூன்று கோளாறுகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள். அச்சு பிசுபிசுத்ததற்குக் காரணம் கந்தகம், ரெசின் பொங்கியதற்கு ஈரம், முழங்கையும் நாதஸ்வரமும் விழாததற்குச் சிக்கிக்கொண்ட காற்று. இவற்றில் ஈரம்தான் சிங்கப்பூரில் நம்மை விடாமல் துரத்துவது, ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் ஊற்றியது பாலியூரித்தேன் ரெசின். இரண்டு பாட்டில்களில் ஒன்றில் ஐசோசயனேட், மற்றதில் பாலியால் இருக்கும். ஐசோசயனேட் பாலியாலோடு சேர்ந்தால் கெட்டியான பிளாஸ்டிக் ஆகும். தண்ணீர் கிடைத்தால் அதையும் விடாது. தண்ணீரோடு சேரும்போது கரியமில வாயு வெளிவரும், அந்த வாயுதான் நுரை. மெத்தைக்குள் இருக்கும் ஃபோம் செய்வதும் இதே வேதிவினையால்தான். சில துளி ஈரமே ஒரு கப் ரெசினைப் பொங்க வைக்கப் போதும்.

இங்கே காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 விழுக்காட்டுக்கு அருகே இறங்கும். காலையில் எழுந்ததும் வார்த்தால் பொங்குவதும், அதே ரெசின் மதியம் மூன்று மணிக்குச் சரியாக வருவதும் இதனால்தான். மழை பெய்து ஓய்ந்த உடனே வார்க்காதீர்கள். அறையில் ஏர்கான் இருந்தால் வார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே 25 டிகிரியில் 'டிரை' நிலையில் ஓடவிடுங்கள். பத்து வெள்ளிக்குள் கிடைக்கும் சின்ன ஈரப்பதமானி ஒன்றை மேசைமேல் வைத்து, முள் 60-க்குக் கீழே வந்த பிறகு பாட்டிலைத் திறங்கள்.

அறைக் காற்றைவிடப் பாட்டிலும் கருவிகளும்தான் பெரிய குற்றவாளிகள். பேப்பர் கப்பும் மரக்குச்சியும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பவை. அவற்றால் கலக்கினாலே குமிழி வரும். பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் குச்சி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கப்பில் ஒட்டிய ரெசின் காய்ந்ததும் உரிந்து வந்துவிடும், மறுபடியும் பயன்படும். பாட்டிலைத் திறந்து தேவையானதை ஊற்றியதும் வாயைத் துடைத்து உடனே மூட வேண்டும். இரண்டு பாட்டில்களின் மூடிகளும் மாறவே கூடாது. மாறினால் வாயிலேயே ரெசின் இறுகி, பாட்டில் அப்புறம் திறக்காது. சேமிக்க, காற்றுப் புகாத டப்பா ஒன்றில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல் போட்டு அதற்குள் வையுங்கள். கேமரா லென்ஸ் வைக்கும் டிரை கேபினட்டில் இடம் இருக்கிறதே என்று அதில் வைக்க வேண்டாம், ரெசின் ஆவியை லென்ஸோடு அடைத்து வைப்பது நல்லதல்ல. குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம். குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்துத் திறந்தால் உள்ளேயே பனி பிடிக்கும்.

இரண்டு மாதம் முன்பு திறந்த உங்கள் ரெசின் தேறுமா என்று எளிதாகத் தெரிந்துகொள்ளலாம். உலர்ந்த பிளாஸ்டிக் கப்பில் இரண்டிலும் 5 மி.லி. எடுத்துக் கலக்கி, அச்சில் ஊற்றாமல் கப்பிலேயே விட்டுப் பாருங்கள். மேல்மட்டம் தட்டையாக இறுகினால் ரெசின் நலம், தவறு கப்பிலும் குச்சியிலும் இருந்திருக்கிறது. நடுவில் புடைத்து எழும்பினால் அந்த ரெசினைக் காப்பாற்ற வழியில்லை, புதிதாக வாங்குங்கள். ஐசோசயனேட் பாட்டிலில் வெள்ளைப் படிகமோ மேலே ஏடு போன்ற தோலோ தெரிந்தால் சோதனையே தேவையில்லை.

அடுத்தது கந்தகம். சிலிக்கோனில் இரண்டு குடும்பங்கள் உண்டு, பிளாட்டினத்தால் இறுகுவது ஒன்று, வெள்ளீயத்தால் இறுகுவது மற்றது. பிளாட்டினம் வகை சுருங்காது, பல ஆண்டு நிற்கும், ஆனால் நோஞ்சான் பிள்ளை போல எதுவும் ஒத்துக்கொள்ளாது. கந்தகம், வெள்ளீயம், அமீன், லேட்டக்ஸ் கையுறை, சரியாகக் கழுவாத முப்பரிமாண அச்சு ரெசின் எது பட்டாலும் பட்ட இடத்தில் இறுகாது. பள்ளிப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிசின் பலவற்றில் கந்தகம் இருக்கிறது. வெள்ளீய வகைக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது இறுகக் காற்றின் ஈரம் சிறிது உதவவும் செய்கிறது, நம் ஊருக்கு ஏற்றது. குறை என்னவென்றால், வெள்ளீய அச்சு காலப்போக்கில் சற்றுச் சுருங்கும், சில ஆண்டுகளில் இற்றுப்போகும். பன்னிரண்டு உருவத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆகவே வெள்ளீய வகை வாங்குங்கள். ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 25 முதல் 30 போதும், உதாரணத்துக்கு மோல்ட் மேக்ஸ் 30. அதில் எடைப்படி 100 பங்குக்கு 10 பங்கு கடினமாக்கி சேர்க்க வேண்டும், 45 நிமிடம் வேலை செய்யலாம், 24 மணி நேரத்தில் இறுகும். கையில் மீதமிருக்கும் பிளாட்டினம் சிலிக்கோனை எறியாதீர்கள், அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது. பிசுபிசுத்த பழைய அச்சு மட்டும் குப்பைக்குத்தான். எத்தனை நாள் விட்டாலும் அது இறுகாது.

ஊற்றுவதற்கு முன் உருவத்தை எப்படிப் பிரிப்பது என்று யோசிக்க வேண்டும். வார்ப்பின் வெற்றியில் பாதி இங்கேதான் முடிவாகிறது. இரண்டு கையும் முன்னால் நீண்டு, நாதஸ்வரம் உதட்டிலிருந்து கீழே சாய்ந்து நிற்கிற உருவத்தை ஒரே துண்டாக வார்ப்பது அனுபவசாலிகளுக்கே கடினம். மணிக்கட்டில் வெட்டுங்கள். இரண்டு உள்ளங்கையும் நாதஸ்வரமும் ஒரு துண்டு, மீதி உடல் ஒரு துண்டு. வித்துவான் கையில் தங்கக் காப்போ சங்கிலியோ இருக்கும் இடம் அது, ஒட்டிய கோட்டை அந்தக் காப்பே மறைத்துவிடும். பிளாஸ்டிசின் உருவத்தைக் கால் மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இறுக விட்டு, தூண்டில் நரம்பை இழுத்து வெட்டினால் நசுங்காது. சீவாளி (வாயில் வைத்து ஊதும் நுனி) உதட்டில் பதியும் இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு குழி விடுங்கள், பிறகு ஒட்டும்போது தானாக இடத்தில் உட்காரும். வேட்டியின் கீழ்விளிம்புக்கும் பாதத்துக்கும் நடுவே இடுக்கு இருந்தால் அதைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். யாரும் பார்க்காத இடம் அது, ஆனால் காற்று முதலில் போய் ஒளிந்துகொள்வது அங்கேதான்.

உருவத்தை 2.5 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பீடத்தில் நிறுத்தி, பீடத்தின் அடியை ஒரு பிளாஸ்டிக் தட்டின்மேல் ஒட்டுங்கள். தெளிவான அக்ரிலிக் ஸ்பிரேயை மெல்லியதாக இரண்டு மூன்று தடவை அடித்து ஒரு நாள் உலரவிடுங்கள். விரல்ரேகையெல்லாம் அப்படியே அச்சில் விழும், ஆகவே இந்தக் கட்டத்தில் ஒரு பூதக்கண்ணாடியோடு அரை மணி நேரம் உட்காருவது வீண்போகாது.

இப்போது காற்றுக்கு வழி. வார்க்கும்போது அச்சு தலைகீழாக நிற்கும், ரெசின் பீடத்தின் வழியாக உள்ளே போகும், தலை அடியில் இருக்கும். காற்று மேல்நோக்கிப் போகப் பார்க்கும். எந்த இடத்தில் அது சிக்கும்? உருவத்தை நேராக நிறுத்தி மேலே தண்ணீர் ஊற்றுவதாக மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வழிந்து எங்கெங்கே நின்று சொட்டுமோ, அந்த இடங்களில்தான் தலைகீழாகும்போது காற்று மாட்டும். முழங்கை, தொங்கும் அங்கவஸ்திர முனை, மோவாய், இடுப்பில் செருகிய துணியின் நுனி. சொட்டு எந்த வழியாகத் தரையில் விழுமோ அதே வழியில் 1.5 மி.மீ. பருமனுள்ள பிளாஸ்டிக் கம்பியையோ மெழுகுக் கம்பியையோ நிறுத்தி, ஒரு முனையை முழங்கையிலும் மறுமுனையைத் தட்டிலும் ஒட்டுங்கள். சிலிக்கோன் இறுகியபின் கம்பியை உருவினால் அதுவே காற்றுப்போக்கி. முழங்கைக்கு இரண்டு, அங்கவஸ்திர முனைக்கு ஒன்று கட்டாயம். மோவாய்க்கு வேண்டாம், முகத்தில் தழும்பு விழும், அதற்கு வேறு உபாயம் சொல்கிறேன்.

நாதஸ்வரத் துண்டை அணசு (அகன்ற அடிப்பகுதி) கீழே இருக்கும்படி, சீவாளி மேலே பார்க்கும்படி இன்னொரு தட்டில் நிறுத்துங்கள். 7 செ.மீ. ஆளுக்கு நாதஸ்வரம் சுமார் 4 செ.மீ. இருந்தால் அளவு பொருந்தும். அணசின் அகன்ற வாய்தான் ரெசின் ஊற்றும் வாய். வெட்டிய மணிக்கட்டு முகங்கள் இரண்டிலிருந்தும் தட்டுக்கு ஒவ்வொரு கம்பி விடுங்கள்.

சுற்றிலும் பெட்டி கட்ட லெகோ கட்டிகள் மிக வசதி, இல்லையென்றால் ஃபோம் போர்டையும் சூட்டுப் பசையையும் பயன்படுத்தலாம். பக்கங்களில் ஒரு செ.மீ., தலைக்கு மேல் ஒன்றரை செ.மீ. சிலிக்கோன் நின்றால் போதும். உடலுக்கு 4.5 × 4.5 × 8.5 செ.மீ. பெட்டி என்றால் 172 மி.லி. உருவம் சுமார் 10 மி.லி. இடம் பிடிக்கும், மீதி 162. சிலிக்கோனின் அடர்த்தியை 1.15 என்று வைத்துக்கொண்டால் 186 கிராம், பாத்திரத்தில் ஒட்டுவதற்குப் பத்து விழுக்காடு சேர்த்து 205 கிராம் கலக்குங்கள். நாதஸ்வரப் பெட்டி 3.5 × 3.5 × 6 செ.மீ., அதற்கு 90 கிராம். இரண்டு முறை அச்செடுக்கப் போகிறீர்கள் (ஏன் என்று அடுத்து வருகிறது), ஆக 590 கிராம். ஒரு கிலோ வாங்கினால் ஒரு தோல்விக்கும் இடம் இருக்கும். கடினமாக்கியைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும், 205 கிராம் மொத்தக் கலவையில் கடினமாக்கி 18.6 கிராம்.

கலக்கும்போது கப்பின் சுவரையும் அடியையும் சுரண்டிச் சுரண்டிக் கலக்கி, பிறகு வேறொரு கப்புக்கு மாற்றி இன்னொரு நிமிடம் கலக்குங்கள். முதலில் ஒரு மென்தூரிகையால் உருவம் முழுவதும், முக்கியமாக முகத்திலும் விரலிடுக்கிலும், மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். பிறகு கப்பை 30 செ.மீ. உயரத்தில் பிடித்து, பெட்டியின் ஒரே மூலையில், நூல் போல மெல்லிய தாரையாக விடுங்கள். மெல்லிய தாரையில் குமிழி நீண்டு உடைந்துவிடும். சிலிக்கோன் தானாக ஏறி உருவத்தை மூடட்டும், உருவத்தின் தலைமேல் நேராகக் கொட்டக் கூடாது. அடுத்த 24 மணி நேரம் தொடவேண்டாம்.

இறுகிய அச்சைத் தலைகீழாக்கித் தட்டை எடுங்கள். கூரிய புதுக் கத்தியால் ஒரு பக்கத்தை மட்டும், உருவத்தின் முதுகுப் பக்கமாக, காற்றுப்போக்கிகளில் ஒன்றைத் தொட்டுப் போகும்படி கீறுங்கள். நேர்க்கோடாக வெட்டாமல் பல் பல்லாக வளைத்து வெட்டினால் மூடும்போது ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், கோடு பிசகாது. தலையின் உச்சிவரை வெட்ட வேண்டாம், கழுத்து அளவில் நிறுத்திவிட்டால் சிலிக்கோன் வளைந்து உருவத்தை விட்டுவிடும். களிமண் மெத்தையில் பாதி உருவத்தைப் புதைத்து எடுக்கும் இரட்டை அச்சு முறையும் உண்டு. கைகால் நாலாபக்கமும் விரிந்த உருவத்துக்குத்தான் அது அவசியம், நின்ற திருக்கோலத்துக்கு இந்த ஒற்றைக் கட்டி முறையே நல்லது. வேலை பாதி, ஒட்டுக்கோடும் ஒன்றுதான்.

பிளாஸ்டிசின் உருவம் இந்த இடத்தில் சிதைந்துபோகலாம். கவலை வேண்டாம். இந்த முதல் அச்சில் ஒரே ஒரு நல்ல வார்ப்பு எடுங்கள், அதைத்தான் பட்டறைக்காரர்கள் தாய்ப்படி என்று வைத்துக்கொள்வார்கள். ரெசின் கெட்டியானது, 400, 800 எண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம், சாம்பல்நிற பிரைமர் அடித்துக் கீறல்களைத் தேடலாம், விழாத விரலை எபாக்சி புட்டியில் செய்து சேர்க்கலாம். அதைக்கொண்டு எடுக்கும் இரண்டாவது அச்சே பன்னிரண்டுக்கும் உற்பத்தி அச்சு. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு விழுக்காட்டுக்குள் சுருங்கும், 7 செ.மீ. உருவத்தில் முக்கால் மி.மீ.கூட இராது. ஆனால் உடலுக்கும் நாதஸ்வரத்துக்கும் தலைமுறை எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் மணிக்கட்டு பொருந்தாது. தாய்ப்படியில் கந்தகம் கிடையாது என்பதால் கையிலிருக்கும் பிளாட்டினம் சிலிக்கோனை இங்கே பயன்படுத்தலாம், ரெசின் முழுதாக இறுக இரண்டு நாள் விட்டு, அதே அக்ரிலிக் பூச்சை அடித்த பிறகு. வெள்ளீய அச்சில் ஒட்டிய கத்தி, தூரிகை, கப் எதுவும் அதன் பக்கம் வரக் கூடாது, கையுறையும் நைட்ரைலாக இருக்கட்டும்.

புது வெள்ளீய அச்சில் அன்றைக்கே ரெசின் ஊற்றக் கூடாது. இறுகும்போது அதிலிருந்து ஆல்கஹால் வெளியேறிக்கொண்டிருக்கும், ரெசினின் தோலில் ஊசிக்குத்து போலக் குமிழிகள் விழும். ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு, வார்ப்பதற்குச் சற்றுமுன் ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் காய வையுங்கள். ஒவ்வொரு வார்ப்பு நாளிலும் இதைச் செய்ய வேண்டும், முந்தின இரவு முழுக்கத் திறந்து கிடந்த அச்சு ஈரம் பிடித்திருக்கும். இளஞ்சூட்டுக்கு இன்னொரு பலனும் உண்டு. மெல்லிய பகுதிகளில் ரெசின் தன் வெப்பத்தைச் சிலிக்கோனிடம் இழந்து மெதுவாக இறுகும், அச்சு சூடாக இருந்தால் விரல்களும் ஒழுங்காக இறுகும். உணவு சமைக்கும் ஓவனில் மட்டும் அச்சைச் சூடாக்க வேண்டாம்.

ரெசினில் ஏழு நிமிடம் வேலை நேரம் தரும் வகையை எடுங்கள், ஸ்மூத்-காஸ்ட் 305 அப்படிப்பட்டது. மூன்று நிமிட வகையை விட்டுவிடுங்கள். பாட்டிலில் எழுதியிருப்பது 23 டிகிரிக்கான கணக்கு, நம் வீட்டின் 30, 31 டிகிரியில் ஏழு நிமிடம் நான்கைந்தாகவும், மூன்று நிமிடம் இரண்டுக்கும் கீழாகவும் சுருங்கும். அந்த ரெசினின் விகிதம் அளவில் ஒன்றுக்கு ஒன்று, எடையில் 100-க்கு 90. அளவையும் எடையையும் குழப்பி எடையில் ஒன்றுக்கு ஒன்று போட்டால் வார்ப்பின் குணமே கெடும். ஓர் உருவத்துக்கு உடல் 10, நாதஸ்வரம் 2, ஊற்றுவாய், காற்றுப்போக்கி, கப்பில் ஒட்டுவது எல்லாம் சேர்த்து 18 மி.லி. ஊசியில்லாத 10 மி.லி. மருந்து சிரிஞ்சு இரண்டு வாங்கி, இது இந்தப் பாட்டிலுக்கு என்று மையால் எழுதி, ஒவ்வொன்றிலும் 9 மி.லி. எடுங்கள். நான்கு தோல்விக்கும் சேர்த்து 16 உருவத்துக்கு 288 மி.லி., ஒரு கிலோ ஜோடியில் பாதிகூடத் தீராது.

ஊற்றுமுன் அச்சுக்குள் சுத்தமான டால்க் மாவைத் தூரிகையால் தூவி, தட்டி, மிச்சத்தை ஊதி வெளியேற்றுங்கள். மாவு ரெசினை நுண்ணிய இடுக்குகளுக்குள் இழுத்துச் செல்லும். கடையில் கிடைக்கும் பேபி பவுடர் பல இப்போது சோளமாவால் ஆனவை, சோளமாவு ஈரம் உறிஞ்சும், ஆகவே டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஊதும்போது முகக்கவசம் வேண்டும்.

ஒரு கப்பில் இரண்டையும் சேர்த்து, அடித்துக் கலக்காமல் சுவரைச் சுரண்டி முப்பது நொடி கலக்குங்கள். கீறலை விரலால் சற்றுத் திறந்து, சிறு தூரிகையில் ரெசின் தொட்டு மூக்கு, மோவாய், முழங்கைக் குழிகளில் தடவுங்கள். மோவாய்க்குச் சொன்ன உபாயம் இதுதான். அச்சை மூடி, இருபுறமும் பிளாஸ்டிக் அட்டை வைத்து ரப்பர் வளையம் போடுங்கள். இறுக்கிப் போட்டால் உருவம் ஒல்லியாகிவிடும், வாய் மூடும் அளவுக்குப் போதும். அச்சைச் சாய்த்துப் பிடித்து ஒரு சுவர் வழியாக மெல்ல ஊற்றுங்கள், பாதி நிறைந்ததும் இரண்டு மூன்று முறை பக்கங்களை அமுக்கி விடுங்கள், காற்றுப்போக்கிகளில் ரெசின் எட்டிப் பார்க்கும்வரை நிரப்புங்கள். அவற்றில் ரெசின் ஏறவில்லை என்றால் காற்று வெளியேறவில்லை என்று பொருள், ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்திவிடுங்கள்.

நாதஸ்வரம் பாதியில் நின்றதற்குக் காரணம், இரண்டு மி.மீ. குழாய்க்குள் ரெசின் மேலே அடைப்பான் போல நின்றுகொண்டு அடியிலிருக்கும் காற்றை மேலே வரவிடாததுதான். 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி ஒன்றை எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, ரெசினில் தோய்த்து, சீவாளி முனை வரை மேலும் கீழும் இறக்கி ஏற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். கம்பி ரெசினை அடிக்குக் கொண்டுபோகும், காற்று அதை ஒட்டி மேலே வரும். நிறைந்ததும் கம்பியை உள்ளேயே விட்டுவிடுங்கள், கொலுப்படியில் யார் கை தட்டினாலும் நாதஸ்வரம் ஒடியாது. உடலை அரை மணியில் எடுக்கலாம், நாதஸ்வரத்துக்கு ஒன்றரை மணி கொடுங்கள். அவசரப்பட்டு எடுத்து வளைந்துவிட்டால், கொதிக்காத வெந்நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் பிடியுங்கள்.

வார்ப்பைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். உடம்பெங்கும் நுண்குமிழி, எடை குறைந்து தெர்மோகோல் போல இருந்தால் ஈரம். ஒரே இடத்தில் வழவழப்பான குழி, அதுவும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் என்றால் சிக்கிய காற்று, அங்கே இன்னொரு காற்றுப்போக்கி வெட்டுங்கள். ஒட்டும் பட்டைகள் தெரிந்தால் கப்பின் சுவரைச் சுரண்டாமல் ஊற்றியிருக்கிறீர்கள். குழிக்குப் பதிலாகப் பரு போலத் துருத்தினால் குற்றம் ரெசினில் இல்லை, அச்செடுத்தபோது சிலிக்கோனில் இருந்த குமிழி அது, கத்தியால் சீவிவிடலாம். இருபது, முப்பது வார்ப்புக்குப் பிறகு வார்ப்பின் தோல் மங்கி, அச்சு ஆங்காங்கே பிய்ந்து வரத் தொடங்கும். ரெசின் சிலிக்கோனை மெல்ல அரிப்பதன் அடையாளம் அது. உங்களுக்குப் பன்னிரண்டே தேவை.

அழுத்தக் கலனைப் பற்றிக் கேட்டதற்கு: ஒளி ஊடுருவும் ரெசினில் விளக்கு, கண்ணாடி போன்றவை வார்ப்பவர்களுக்கு 40 முதல் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் தேவைப்படும், அப்போது அச்சையும் அதே அழுத்தத்தில் செய்தாக வேண்டும். வண்ணம் பூசும் உருவத்துக்கு அது தேவையற்ற செலவு, கம்ப்ரசர் சத்தத்தில் கீழ்வீட்டுக்காரரோடு மனத்தாங்கல் வேறு. சமையல் பிரஷர் குக்கரைக் காற்றடைத்துப் பயன்படுத்தலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது 15 பி.எஸ்.ஐ. அளவுக்குச் செய்த பாத்திரம், அதற்கு மேல் காற்று ஏற்றுவது உயிருக்கு ஆபத்து. தயவுசெய்து செய்யாதீர்கள்.

உடல்நலத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். ஐசோசயனேட் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும், ஒருமுறை உடம்பில் அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமா இழுப்பைக் கிளப்பும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இந்த ரெசினை வீட்டில் திறக்காதீர்கள். என்95 கவசம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவி வடிகட்டி பொருத்திய அரைமுகக் கவசம் வாங்குங்கள், ஜாலான் புசார் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நைட்ரைல் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி இரண்டும் வேண்டும். மகள் பொம்மை செய்யட்டும், வண்ணம் பூசட்டும், ரெசின் கலக்கும் நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும்.

எந்த அறை? ஈரத்துக்குச் சன்னலை மூட வேண்டும், ஆவிக்குத் திறக்க வேண்டும், இரண்டும் முரண். ரெசினும் அச்சும் கடைசி நிமிடம் வரை ஏர்கான் அறையில் உலர்வாக இருக்கட்டும். கலந்து ஊற்றும் அந்த நான்கு நிமிடத்தை மட்டும் பிற்பகலில், திறந்த சன்னல் அருகில், மின்விசிறி காற்றை வெளியே தள்ளும்படி வைத்துச் செய்யுங்கள். அவ்வளவு நேரத்தில் ரெசின் பிடிக்கும் ஈரம் பெரிதல்ல. வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் (குண்டுத் தற்காப்பு அறை) மூடிய அறை, தூசி வராது என்று பலருக்கு ஆசை வரும். சன்னலே இல்லாத அந்தக் கான்கிரீட் அறையில் கலக்கவே கூடாது. சிலிக்கா ஜெல் டப்பாவை வைத்துக்கொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். வெளி நடைவழியிலும் மேசை போட வேண்டாம், அது 1.2 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டிய தீப்பாதுகாப்பு வழி. மிச்ச ரெசினைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் இறுகிவிடும். இரண்டையும் கலந்து கப்பிலேயே இறுக விட்டு, முழுதும் ஆறிய பிறகு குப்பையில் போடுங்கள். இறுகும்போது சூடாகும், அந்தச் சூட்டோடு குப்பைக் குழாயில் போடாதீர்கள்.

வார்ப்புகளைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஒரு நாள் உலர்த்தி, மணிக்கட்டுகளை சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். ஊற்றுவாய், காற்றுப்போக்கித் தண்டுகளை அறுத்துத் தண்ணீர்விட்டுத் தேய்க்க வேண்டும், உலர்தூசியை மூச்சில் ஏற்றக் கூடாது. பிரைமர் ஸ்பிரேயும் ஈரத்துக்கு அஞ்சும், மழைநாளில் அடித்தால் வெண்பனி படர்ந்ததுபோல் மங்கிப்போகும், அதற்கும் வெயில் பிற்பகலே நேரம். வெள்ளை ரெசின் வெயில்பட்டால் மஞ்சளாகும், ஆகவே முகம், வேட்டி உள்பட எந்த இடத்தையும் பூசாமல் விடாதீர்கள்.

ஒரு நாளைக்கு நிதானமாக மூன்று உருவம் வார்க்கலாம். இரண்டு தலைமுறை அச்சு, உலர்த்தும் நாட்கள், வண்ணம் எல்லாம் கூட்டினால் வாரக்கடைசிகளில் மட்டும் வேலை செய்பவருக்கு ஆறேழு வாரம் பிடிக்கும். ஆடி பிறந்ததும் தொடங்கினால் புரட்டாசிக்குள் அவசரமில்லாமல் முடியும். பன்னிரண்டு முடிந்ததும் அச்சை வெறுமையாக மடித்து வைக்காதீர்கள், கோணிவிடும். பழுதான வார்ப்பு ஒன்றை உள்ளே விட்டு, ரப்பர் வளையம் போட்டு, இருட்டான உலர்ந்த இடத்தில் வையுங்கள். தாய்ப்படியைத் தனி டப்பாவில் வைத்திருந்தால், அச்சு இற்றுப்போன பிறகும் அடுத்த வருடம் யாராவது இன்னும் நான்கு கேட்டால் செய்து கொடுக்கலாம்.